கழுவாமல் விட்ட குழாய்கள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி எப்படி? மாமாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அலுமினியக் குழாய்களைப் பற்றவைக்குமுன் ஃபிளக்ஸ் பொடியைக் குழைத்துப் பூசுவோம். பற்றவைத்த பிறகு வெந்நீரில் தேய்த்துக் கழுவாவிட்டால் அது குழாயையே அரித்துவிடும். கழுவுவது என் அறைத்தோழனின் வேலை. ஒருநாள் தலைவலி என்று அவன் போய்ப் படுத்தான். அரைமணி நேரம் அவன் இடத்தில் நான் நின்று கழுவினேன். சாப்பாட்டு மணி அடித்ததும் மீதிக் குழாய்களைத் துணியால் துடைத்து அனுப்பிவிட்டேன். எச்சில் தட்டைக் கழுவாமல் கவிழ்த்தால் திட்டுவாயே, அதே புத்தி.

போன வாரம் அவை ஓட்டை விழுந்து திரும்பி வந்தன. “யாருய்யா கழுவினது?” என்று ஃபோர்மேன் கத்தினார். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இப்போது அவன் தரை பெருக்குகிறான். படுக்கப் போகுமுன் தான் கழுவியவைதான் அவை, தன் தப்புதான் என்று நம்புகிறான்.

ஊரிலிருந்து இங்கே வருகிறவரிடம் தலை துவட்டுகிற துண்டு இரண்டு கொடுத்தனுப்பு. ஒன்று அவனுக்கு.

பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். “அண்ணிய விசாரிச்சதா எழுதுங்கண்ணே” என்கிறான். எழுதிவிட்டேன்.

பதில் போடும்போது முதல் வரியிலேயே, “ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேள். உன்னிடம் எனக்குப் பொய் வராது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்