எங்கள் மாடியில் தெரியும் மலை

அன்புள்ள அம்மாவுக்கு இளஞ்செழியன் வணக்கத்துடன் எழுதுவது. முட்டி வலி கம்மியாகிவிட்டதா? மஸ்கட்டில் நான் சௌக்கியம்.

ஊரடங்கில் ஆறு பேர் ஒரே அறையில் அடைந்து கிடந்தபோது மூடி வைத்த பெயின்ட் பெட்டியைப் போன வாரம்தான் திறந்தேன். வேங்கிக்காலில் நம் மாடியிலிருந்து பார்ப்பது போல மலையை வரைந்தேன். அறையில் கூட இருக்கும் தருமன் அண்ணன் கீழ்பென்னாத்தூர்க்காரர். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னா தம்பி, வலது பக்கம் ஒரு குன்னு போட்டுருக்கே? நம்ம மலைக்கு ஒரே முனைதான்!"

"உங்க ஊர்லேர்ந்து பாத்தா அப்படித்தாங்கண்ணா. எங்க மாடிக்கு வந்து பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

சண்டையெல்லாம் இல்லை, பயப்படாதே. ஆனால் அன்றிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அந்தக் குன்றை அழிக்கிறேன், மறுபடி போடுகிறேன். கண்ணை மூடினால் ஒரு நேரம் இருக்கிறது, ஒரு நேரம் இல்லை. போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்தான். கேட்கப் பயமாக இருக்கிறது.

தருமன் அண்ணன் லீவில் ஊருக்கு வருகிறார். கடிதமும் படமும் அவர் கையில்தான் வரும். குழம்புப் பொடியும் அலமாரியில் இருக்கும் என் பழைய பிரஷ்களும் கொடுத்தனுப்பு. மாடியைப் பார்க்காமல் போக மாட்டாராம்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. எதிர்வீட்டில் இன்னொரு மாடி எழுப்புகிறார்கள் என்றாயே, மலை மறைந்துவிட்டதா? மறைந்திருந்தால் எனக்குச் சொல்லாதே. அண்ணனையும் மேலே ஏற்றாதே. டீ கொடுத்துக் கீழேயே பேசி அனுப்பிவிடு.

உன் மகன்,
செழியன்