விசிறி வாழை எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும்

என் உயிருக்கு உயிரான அண்ணா,

அண்ணி விசிறி வாழையை மறுபடியும் ரோட்டை மறைக்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டார். முதலில் இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. நீ போய்ச் சேர்ந்த நாளிலிருந்து செடி அப்படியேதான் நிற்கிறது. நானும் அதன் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அழுவதற்கு மறைவாக ஓர் இடம் வேண்டியிருந்தது, அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நேற்று நடந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதைச் சொல்லுவதற்கு முன்னால் பழசைக் கொஞ்சம் பேசிக்கொள்ளலாமா?

தோட்டத்தில் பலகைத் தளம் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதுக் காய்ச்சலில் கால் போன எனக்கு, கொல்லரிடம் சொல்லி சைக்கிள் சக்கரம் வைத்த நாற்காலி செய்துகொடுத்தாய். மழை பெய்தால் அது செம்மண்ணில் புதைந்துகொண்டது. உடனே உன் மரவாடியில் மிஞ்சிய பலகைகளைக் கொண்டுவந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தண்ணீர் இறங்க இடைவெளி விட்டுத் தளம் அடித்தாய். மொரப்பூரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. ஸ்டேஷனுக்குப் போகிறவர்களெல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

பார்த்தது தளத்தையா, என்னையா? மொட்டையாகக் கிடந்த அவ்வளவு பெரிய தளத்தின் நடுவே நான் ஒருத்தி. "கூத்து மேடையில குந்த வெச்ச மாதிரி இருக்குதுண்ணா," என்று சொன்னேன். நீ சிரித்தாய். அண்ணி கனகாம்பரத் தொட்டிகளை ஓரமாக அடுக்கிப் பார்த்தார். அந்தப் பலகைப் பரப்பில் அவை இருக்கிற இடமே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெண் பார்க்கப் போகிற கூட்டம் ஒன்று நம் வாசலில் வண்டியை நிறுத்தியது. ஒரு பெரியவர் இறங்கி வந்தார். பழத்தட்டெல்லாம் வண்டியிலேயே இருந்தது. "ஏனுங்க, நல்ல காரியத்துக்குப் போறோம். இந்தப் பொண்ணக் கொஞ்சம் உள்ள இட்டுக்கிட்டுப் போனீங்கன்னா..." என்றார். அவர் ஒன்றும் கோபமாகச் சொல்லவில்லை. வண்டிக்கு வழி விடச் சொல்வது போல, அவ்வளவு மரியாதையாகத்தான் சொன்னார். நீ என் நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாய்.

அடுத்த வாரமே பெரிய செடி தேட ஆரம்பித்தாய். தளத்துக்கு அழகாக இருக்கும் என்று மட்டும் எங்களிடம் சொன்னாய். முதலில் ஒரு ஈச்ச மரத்தை வேரோடு பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். கள் இறக்குகிற மரம், கள்ளுக்கடைகளை மூடியிருந்த நேரம் அது. "ஊரே கடைய மூடிட்டுக் கெடக்குது, நீங்க மரத்தக் கொண்டாந்து நடு வூட்டுல வெக்கறீங்களா? போலீசுக்கு நான் பதில் சொல்ல முடியாதுங்க," என்று அண்ணி அதை வாசலோடு திருப்பி அனுப்பினார். தாழை வைக்கலாம் என்றாய். பாம்பு வரும் என்று அதற்கும் தடை. குரோட்டன்ஸ் என் இடுப்புக்கு மேல் வளருவேனா என்றது. கடைசியில் சேலத்தில் ஒரு பங்களாத் தோட்டக்காரரைப் பிடித்து இந்த விசிறி வாழையை வாங்கி, ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தாய்.

இரண்டு ஆள் உயரம். எல்லா மட்டையும் ஒரே வரிசையில், விரித்துப் பிடித்த விசிறி போல. பத்துச் சின்னத் தொட்டி செய்யாததை ஒரே ஒரு செடி செய்துவிட்டது. அன்றுமுதல் தளம் தளமாகத் தெரிந்தது, நானும் அதில் குடியிருக்கிறவளாகத் தெரிந்தேன். தார் பீப்பாயைப் பாதியாக அறுத்து அதில் செடியை நட்டாய். எல்லாப் பக்கமும் வெயில் படவேண்டும் என்று, ராகி அரைக்கிற கல்லுக்கு இருப்பது போல அடியில் முளை வைத்து, கையால் தள்ளினால் சுழலுகிற மாதிரி செய்தாய்.

அங்கேதான் நீ மாட்டிக்கொண்டாய். விசிறியை அகலவாட்டில் வைத்தால் ரோடு முழுக்க மறைந்துவிடும். பக்கவாட்டில் திருப்பினால் ஒற்றைத் தூண்தான், வண்டி, மாடு, சந்தைக்குப் போகிற சனம், எல்லாம் தெரியும். காலையில் நீ அகலவாட்டில் வைத்துவிட்டு மரவாடிக்குக் கிளம்புவாய். உன் தலை கேட்டைத் தாண்டியதும் நான் திருப்பிவிடுவேன். சாயங்காலம் வந்து பார்ப்பாய். ஒரு வார்த்தை கேட்க மாட்டாய், மறுநாள் காலை திரும்பவும் மறைத்துவிட்டுப் போவாய். எத்தனை வருஷம் இந்த விளையாட்டு நடந்தது? யாராவது இன்னொரு தடவை என்னை உள்ளே போகச் சொல்லிவிடுவார்களோ என்பது உன் பயம். யாரும் சொல்லாமலே நான் உள்ளே இருந்துவிடுவேனோ என்பது என் பயம். இதை நாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லையே, ஏன் அண்ணா?

உன் மகள் கமலாவைப் பெண் பார்க்க இண்டூரிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்த அன்று, நான் யாரும் சொல்லாமலே செடியை அகலவாட்டில் திருப்பி வைத்தேன். பிள்ளையின் வாழ்க்கையாயிற்றே. இலைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். நீ கஞ்சி போட்ட சட்டையோடு வந்தாய். தொட்டியில் கை வைத்து ஒரே தள்ளு, ரோடு திறந்துகொண்டது.

"என்னண்ணா பண்ற? அவங்க வர்ற நேரம்."

"வர்றவங்க உன்னப் பாத்துட்டே வரட்டும் பாப்பா. திரும்பறவங்களா இருந்தா கேட்டோடயே திரும்பட்டும்."

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நேராக என்னைப் பார்த்தார். என் கால்களைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. என்னால் கமலாவின் கல்யாணம் நின்றுபோகப் போகிறது என்றே நினைத்தேன். அவர் தளத்தின் மேல் ஏறி வந்தார்.

"இது என்ன வாழைங்க? தார் போடுமா?"

"போடாதுங்க. சும்மா பாக்கறதுக்குத்தான்."

"பாக்கறதுக்குன்னே ஒரு வாழையா," என்று சிரித்துக்கொண்டு என் பக்கத்தில் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கக்கன்று விட்டால் தனக்கு ஒன்று வேண்டும் என்றார். நீ அப்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனாய். வியர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதானே?

கன்று இப்போது இண்டூரில் கமலாவின் வாசலில் நிற்கிறது. அவளுக்குப் பையன் பிறந்திருக்கிறான், உன் மூக்கு. யுத்தம் முடிந்தும் ரேஷன் தீரவில்லை. மண்ணெண்ணெய்க்கு இன்னும் வரிசைதான்.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? ரோட்டில் மேளச் சத்தம் கேட்டது. கல்யாணக் கூட்டம். தளத்தில் என்னோடு உட்கார்ந்து புளி உருவிக்கொண்டிருந்த அண்ணி, முறத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். "ஏன் அண்ணி ஓடறீங்க? அதான் எல மறைக்குதே," என்றேன். "இடுக்கு வழியாத் தெரிஞ்சுட்டா என்ன பண்றது பாப்பா? நல்ல காரியம் போவுது. தாலியறுத்தவ மூஞ்சி அவங்க கண்ணுல படக்கூடாது," என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு மறைவு வேண்டுமென்று அண்ணி செடியைத் திருப்பவில்லை. தனக்காகத் திருப்பியிருக்கிறார். போலீசுக்குப் பதில் சொல்ல முடியாது என்று உன்னையே மிரட்டிய மனுஷி, ஒரு மேளச் சத்தத்துக்கு இப்படி ஓடுகிறார். என்னை உள்ளே போகச் சொன்ன அன்றுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

நாளைக்குச் சந்தை. விடிந்ததும் என் கையாலேயே விசிறி வாழையைத் திருப்பப் போகிறேன். முளைக்கு எண்ணெய் விட்டுவைத்திருக்கிறேன். நீ உட்காருகிற நாற்காலியை என் பக்கத்தில் போடச் சொல்லி, அண்ணியை அதில் உட்கார வைப்பேன். அவர் எழுந்து போய்ச் செடியை மறைத்து வைத்தால் நான் மறுபடி திருப்புவேன். எத்தனை வருஷமானாலும் சரி. இந்த விளையாட்டில் எனக்குப் பழக்கம் உண்டு அண்ணா, நீதான் கடைசியில் தோற்றாய்.

உன் நாற்காலிக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்தபடி இருக்கும்
உன் தங்கச்சி,
மாது