ஏழாவது திரையில் ஒரு வால்

மார்ச் 3, செவ்வாய்

மதியம் வீட்டுக்காரர் போன் செய்தார். "அங்க மழையா?" எனக்கு எப்படித் தெரியும்? நான் உட்கார்ந்திருப்பது வணிக வளாகத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத கண்காணிப்பு அறையில். "இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்று திரைகளைப் பார்த்தேன். வாசல் கேமராவில் ஆட்கள் தலைக்கு மேல் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பார்க்கிங் கேமராவில் தரை கறுத்திருந்தது. "ஆமா, நல்ல மழை" என்றேன். "அப்ப மாடியில துணி?" என்றார். அதுவும் என் தப்பு.

நல்ல மழைதான். ஆனால் கேமராவுக்குக் காது கிடையாது, அதனால் சத்தமே இல்லாமல் பெய்தது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் தரை காய்ந்திருக்கிறது. இந்த வளாகத்திலேயே அந்த மழையை மூலை முடுக்கெல்லாம் பார்த்தவள் நான் ஒருத்திதான். என் மேல் ஒரு சொட்டு படவில்லை.

மார்ச் 5, வியாழன்

முட்டி வலிக்கு டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டிவிட்டு, "உங்க மேல வெயிலே படறதில்லையா?" என்று கேட்டார். இருட்டோடு உள்ளே போகிறேன், இருட்டும்போது வெளியே வருகிறேன், எங்கிருந்து படும்? மாத்திரை எழுதினார். "தினம் மத்தியானம் கொஞ்ச நேரம் வெயில்ல நில்லுங்கம்மா. அதுக்கென்ன காசா பணமா?"

அவர் அறையிலும் ஜன்னல் இல்லை. சுவரில் கடற்கரைப் படம் ஒட்டியிருக்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

சுற்றறிக்கையிடம் கேட்டேன். அவர் எங்கள் மேற்பார்வையாளர். எதற்கெடுத்தாலும் ஒரு சுற்றறிக்கை அடித்துச் சுவரில் ஒட்டுவார் — டீ கிளாஸைத் திரைக்கு முன் வைக்காதீர், கழிவறைக் கதவை மெதுவாகச் சாத்தவும், சுற்றறிக்கைகளைக் கிழிக்காதீர். அதனால் அந்தப் பெயர்.

மதியம் ஓர் அரை மணி வெளியே நிற்கவேண்டும், டாக்டர் சொன்னார் என்றேன். "அறையைக் காலியா விட முடியாதும்மா. திரையிலேர்ந்து கண்ணை எடுக்கவே கூடாது."

"பாத்ரூம் போறப்ப எடுக்கிறேனே சார்?"

"அது வேற."

வேறதானாம். எலும்பு மட்டும் கம்பெனி எலும்பு போலிருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

விடுமுறை. எங்காவது வெளியே போகலாம் என்று நேற்றே சொல்லி வைத்திருந்தேன். இவர் காலையில் எழுந்ததும் செய்த முதல் காரியம், திரைச்சீலையை இழுத்து மூடியது. தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை இவருக்கு. வாரம் முழுக்கத் தெருத் தெருவாக நடக்கிறார். கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம்.

நான் திறந்தேன். இவர் மூடினார். நான் திறந்தேன்.

"வாரத்துல ஒரு நாள் நிழல்ல கிடக்கறேன், அதுவும் பொறுக்கலையா? உனக்கென்ன, ஏசில உக்காந்துட்டு வர்ற."

"அந்த ஏசிய நீங்களே வச்சுக்குங்க. உங்க வெயிலை எனக்குக் குடுங்க."

"எடுத்துக்கோ. மூட்டை கட்டித் தரட்டுமா?"

வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ள முடிந்தால் இந்த வீட்டில் பாதிச் சண்டை இருக்காது. கடைசியில் ஞாயிறும் போனது. குழம்பு வேறு அடிபிடித்தது.

மார்ச் 9, திங்கள்

சுற்றறிக்கை எனக்காக ஒரு செடி கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பிளாஸ்டிக். "பச்சையைப் பார்த்தா மனசுக்கு நல்லதாம்மா." இனி அதற்குத் தூசி துடைக்கும் வேலையும் எனக்கு.

மார்ச் 12, வியாழன்

ஏழாவது திரையில் காலையிலிருந்து ஒரு குச்சி தொங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கப் பார்க்கிங் மூலையைக் காட்டும் கேமரா. காற்றில் ஏதாவது சிக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு இரண்டு குச்சி. மதியம் குச்சிகளை மறைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒன்று இறங்கி, திரையில் பாதியை அடைத்தது.

வால்!

புறா. கேமராவின் தலையில் உட்கார்ந்து வீடு கட்டுகிறது. நாலு குச்சியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிட்டு அதற்குக் கூடு என்று பெயர். எனக்குத் தெரிவது வாலும், எப்போதாவது ஒரு சிவந்த காலும்தான். பார்வை மறைந்தால் அன்றைக்கே டெக்னீஷியனைக் கூப்பிட்டு அடைசலை எடுக்கச் சொல்லவேண்டும், அதற்கும் சுற்றறிக்கை இருக்கிறது. போனை எடுத்தேன். வால் ஒரு தடவை மேலும் கீழும் ஆடியது. போனை வைத்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 13, வெள்ளி

சொல்லவில்லை.

இரவு ஷிஃப்டுக்கு வருகிற கொட்டாவி (பையன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாயை மூடியதில்லை) போகும்போது, "அக்கா, ஏழுல என்னமோ துணி தொங்குது" என்றான். சரி, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு ராத்திரி முழுக்க ஒரு புறாவைத் துணி என்று காவல் காத்திருக்கிறான். இவனை நம்பி வளாகம் தூங்குகிறது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக் கோபம் இன்னும் ஆறவில்லை, இருந்தாலும் வேறு யாரிடம் சொல்ல? சாப்பிட்டபடியே கேட்டார். "முட்டை போட்டுடுச்சுன்னா ஒரு மாசத்துக்குக் கை வைக்க முடியாது. குஞ்சு பொரிக்க ரெண்டு வாரம், பறக்க ரெண்டு வாரம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மீட்டர் பெட்டிக்குள்ள கூடு வைக்காத தெருவே கிடையாது. திறந்து பார்ப்பேன், மூடிருவேன். 'கதவு பூட்டியிருந்தது'ன்னு எழுதிட்டு அடுத்த மாசம் போவேன்."

பதினொரு வருஷமாகக் கூட வாழ்கிறேன். வெயில், நாய், பூட்டிய கதவு என்று புலம்பிக்கொண்டே வருவாரே, அந்தப் பூட்டிய கதவுகளில் எத்தனை இந்த மாதிரியோ. ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னால் என்ன? கேட்டதற்கு, "நீ கேக்கவே இல்லையே" என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது!

மார்ச் 16, திங்கள்

மாட்டிக்கொண்டேன். சுற்றறிக்கை கீழே வந்தவர் நேராக ஏழாவது திரைக்கு முன்னால் நின்றார்.

"என்னம்மா இது?"

"வால் சார்."

"வால்னு எனக்கும் தெரியுது. எவ்வளவு நாளா இருக்கு?"

வியாழக்கிழமையிலிருந்து என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வாய் வரவில்லை, வந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவர் முகம் சிவந்தது. டெக்னீஷியனுக்குப் போன் போட்டார், அவன் நாளைக்குத்தான் வருவான். "எல்லாத்தையும் நானே பண்ணணும்" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கேமராவும் தெரிகிற எட்டாவது திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறினார். புறா படபடவென்று அவர் மூஞ்சியை உரசிக்கொண்டு பறந்தது. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு, ஏறியதைவிட மெதுவாக இறங்கினார்.

வந்து நின்றவர், "ரெண்டு முட்டை இருக்கு" என்றார். நானே இட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஒரு மாசம் சார். எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

"ஒரு மாசம் அந்த மூலையை யார் பார்ப்பா? வண்டி காணாமப் போனா நான் பதில் சொல்லணும்."

நான் சுவரைக் காட்டினேன். அவரே ஒட்டியது, மூன்று வருஷப் பழசு, ஓரம் சுருண்டிருக்கிறது: ஏதேனும் கேமரா இயங்காவிடில் கண்காணிப்பாளர் மணிக்கொரு முறை அவ்விடத்தை நேரில் சென்று பார்வையிட வேண்டும், அந்நேரத்தில் மேற்பார்வையாளர் அறையில் இருக்க வேண்டும்.

இரண்டு தடவை படித்தார். "விதின்னு ஒண்ணு இருந்தா அதைச் செஞ்சுதானே ஆகணும்" என்றார், எழுதியவர் வேறு யாரோ போல.

மார்ச் 17, செவ்வாய்

வெயில்!!

மார்ச் 20, வெள்ளி

அந்த ஆச்சரியக்குறியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மூன்று நாளில் மூக்கு உரிந்துவிட்டது. சீருடை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. செருப்பு கொதிக்கிறது. பார்க்கிங்கில் நின்றால் போதும், ஆளாளுக்கு வந்து லிப்ட் எங்கே, கழிவறை எங்கே, என் கார் எங்கே என்கிறார்கள். உன் காரை எங்கே நிறுத்தினாய் என்று எனக்கு எப்படித் தெரியும், நீ வந்தபோது நான் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! இன்றைக்கு அண்ணாந்து கூட்டைப் பார்த்தபோது புறா தன் பங்குக்கு என் தோளில் போட்டது. இவ்வளவு செய்ததற்கு மரியாதை.

வீட்டில் வந்து கொட்டினேன். இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! உள்ளே போய்த் தன் பழைய தொப்பியைத் தேடி எடுத்து வந்து என் தலையில் வைத்தார். "மத்தியானத்துல சுவரோரமா நட. நடுவுல நடக்கறவன் முட்டாள்." தொப்பியில் அவர் தலை எண்ணெய் வாடை. துவைத்துப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

கடைசி ரோந்தில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பின்சுவர் ஓரம் ஒரு மரம் இருக்கிறது, இத்தனை வருஷம் அது எந்தக் கேமராவிலும் விழுந்ததில்லை. அடியில் நின்றுவிட்டேன். நின்றேன், அவ்வளவுதான். ஒன்றும் யோசிக்கவில்லை.

கீழே வந்தால் சுற்றறிக்கை கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "கண்ணு பூத்துப் போச்சும்மா. குளிரு வேற. எப்படி நாள் முழுக்க இங்க உக்கார்றீங்க?"

ஆறு வருஷமா உக்கார்றேன் சார். இன்னைக்குத்தான் கேக்கத் தோணிச்சா? சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

குஞ்சுகள் பொரித்து ஒரு வாரமாகிறது. வாலுக்குப் பக்கத்தில் எப்போதாவது ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்க்கிறது. அழகு என்று சொல்ல முடியாது.

காலையில் மொட்டை மாடிக்குப் பாயை எடுத்துக்கொண்டு போனேன். கொஞ்ச நேரத்தில் இவரும் வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் தனியாகப் பாய் விரித்தார். நான் வெயிலில், அவர் நிழலில். நிழல் நகர நகர அவர் பாயும் நகர்ந்து, என் பாய் மேல் ஏறியது. தள்ளிப் போங்க என்றேன். போகவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

கூடு காலி. சனிக்கிழமையே காலி. நான் சொல்லவில்லை.

கேமராக் கண்ணாடி முழுக்க எச்சம் அப்பியிருப்பதால் திரையில் ஒன்றும் தெரியாது. "இன்னும் இருக்கா?" என்று சுற்றறிக்கை காலையில் கேட்டார். "இருக்கு சார்." இல்லாத குஞ்சுக்கு இரண்டு ரோந்து போய்விட்டு வந்தேன். மரத்தடியில் நின்றால் நிம்மதியாக இல்லை. சீ, இதற்கா இவ்வளவு பாடு என்றிருந்தது. வெளியே நிற்பதற்கு ஒரு புறாவின் பெயரைச் சொல்லிப் பொய் சொல்லவேண்டியிருக்கிறதே! மூணாவது ரவுண்டுக்குப் போகல. நேரா போய், "பறந்துடுச்சு சார், முந்தாநாளே பறந்துடுச்சு, எனக்குத்தான் சொல்ல மனசு வரல"ன்னு சொல்லிட்டேன். குரல் உடைஞ்சிடுச்சு. அவரு முன்னாடியா உடையணும்.

அவர் பிளாஸ்டிக் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிம்மா. புதன்கிழமை டெக்னீஷியன் வருவான்" என்றார்.

ஏப்ரல் 15, புதன்

துடைத்தாகிவிட்டது. ஏழாவது திரை பளிச். பார்க்கிங், சுவர், கார்கள். வால் இல்லை. நாள் முழுக்க உள்ளேதான். தொப்பி ஆணியில் தொங்குகிறது, இவர் அதைப் பார்த்தார்.

ஏப்ரல் 20, திங்கள்

சுவரில் புதுசு.

"கேமராக்களின் மீது பறவைகள் கூடு கட்டுவதால் கண்காணிப்பு பாதிக்கப்படுகிறது. ஆகவே கண்காணிப்பாளர் மணிக்கொரு முறை வெளிப்புறக் கேமராக்கள் அனைத்தையும் நேரில் சென்று பார்வையிட்டு, பறவைகள் அண்டாதவாறு விரட்ட வேண்டும். இதற்கென ஒரு கம்பு வழங்கப்படும். அந்நேரத்தில் மேற்பார்வையாளர் அறையில் இருப்பார்."

மூன்று தடவை படித்தேன். கம்பு மூலையில் சாத்தியிருந்தது. சுற்றறிக்கை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடிக்கணும்னு இல்ல. கையில இருந்தாப் போதும்" என்றார். ஒரு கண்ணாடியும் வாங்கியிருக்கிறார், கண் எரியாமலிருக்க. சட்டைக்கு மேல் ஸ்வெட்டர்.

செடிக்குத் தூசி துடைத்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

மதிய ரோந்தில் ஏழாவது கேமராவின் மேல் அதே புறா, அல்லது அதன் உறவுக்காரி. வாயில் ஒரு குச்சி. என்னைப் பார்த்தது. கம்பு அறையிலேயே இருந்துவிட்டது. நேற்றும் அப்படித்தான்.

வாக்கி-டாக்கியில் சுற்றறிக்கை: "ஏழுல என்னம்மா அது, குச்சியா?"

"காத்துல விழுந்திருக்கும் சார்."

"சரி. வானம் இருட்டிக்கிட்டு வருது, குடை எடுத்துட்டுப் போனீங்களா?"

எடுத்துப் போகவில்லை. மரத்தடிக்கு ஓடுவதற்குள் பிடித்துக்கொண்டது. காரின் கூரைகளில் தடதடவென்று சத்தம். தொப்பியிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது. இவருக்குப் போன் போட்டேன்.

"இங்க மழைங்க."

"எந்தத் திரையில?" என்று கேட்டார்.

"நனைஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.