புளியமரத்தடியில் ஆறுமணிக்குருவி

அக்கா,

இன்று காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்துப் புளியமரத்தடியில் ஆறுமணிக்குருவி கூவியது. இரண்டே சீழ்க்கை. வாளியைக் கீழே வைத்துவிட்டு உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினேன். பூட்டுதான் தொங்கியது.

செஞ்சிக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம் நான் உங்களிடம் பேசியதே இல்லை. நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் உங்கள் தையல் மிஷின், இந்தப் பக்கம் என் டிவி. இருவருமே தனி ஆள். ஐப்பசி மழை பெய்த ஒரு காலையில் என் ஜன்னல் கண்ணாடியில் ஏதோ மோதி விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணோரம் மை இழுத்தது போல் கறுப்புப் பட்டை. செத்துவிட்டதென்று பயந்து உங்கள் கதவைத் தட்டினேன். வேறு யாரைத் தெரியும் எனக்கு?

நீங்கள் அதைத் துணியில் பொதிந்து ஒரு செருப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினீர்கள். "ஆறுமணிக்குருவி, காலையும் சாயங்காலமும் ஆறு மணிக்குக் கூவும். ரொம்ப தூரம் பறந்து வந்திருக்குது. தொடாத, தூங்கட்டும்" என்றீர்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே பிராண்டும் சத்தம் கேட்டது. கூண்டு வாங்கி வளர்க்கிறேன், வீட்டில் ஒரு உயிர் இருக்கட்டுமே என்று கெஞ்சினேன். நீங்களோ பெட்டியைப் புளியமரத்தடியில் திறந்து வைத்தீர்கள். அது தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டி ஒரு புழுவை எடுத்தது.

அதன் பிறகு அந்தச் சருகை நான் கூட்டியதில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் குருவி வடக்கேயிருந்து வரும், கோடை பிறந்ததும் போய்விடும். இருக்கும் மாதமெல்லாம் தனியாகவே மேயும். பாவம், துணைக்குக் கூப்பிடுகிறது என்றேன் ஒருநாள். நீங்கள் சிரித்தீர்கள்.

"கூப்டல. இது என் எடம், கிட்ட வராதன்னு சொல்லுது."

போன ஐப்பசியில் நீங்கள் படுக்கையில் இருந்தீர்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து உங்கள் மகன் வாரம் ஒருமுறை வந்துபோனான். மற்ற நாட்களில் கஞ்சி கொடுத்தது நான். குருவி வந்துவிட்டதா என்று தினமும் கேட்டீர்கள். வரவில்லை. ஒருநாள் உங்கள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வந்துவிட்டது, புழுகூடத் தின்றது என்றேன்.

நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"எனக்கும் காது கேக்குதில்ல? அது கூவவே இல்லியே." என்றீர்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "பரவால்ல. நாளைக்கும் வந்து சொல்லு."

சொன்னேன். அது எந்தக் கிளைக்குக் கீழே நின்றது, குட்டை வாலை எப்படி ஆட்டியது என்று, வராத குருவியைப் பற்றித் தினமும் சொன்னேன். கண்ணை மூடியபடி கேட்டீர்கள். ஒன்பதாம் நாள் நான் சொல்லி முடித்தபோது உங்கள் கை சில்லிட்டிருந்தது.

கருமாதி முடிந்த பிறகுதான் நிஜக் குருவி வந்தது.

அத்தனையும் பொய்தான், அக்கா. ஆனால் என் பேச்சை ஒருவர் அவ்வளவு பொறுமையாகக் கேட்டது அந்த ஒன்பது நாள்தான். அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.