இரண்டரைக் கிலோ லேப்டாப்

கனம் பொருந்திய நைனாவுக்கு,

இன்று காலை முதல் நான் உங்களோடு பேசுவதில்லை என்று இதனால் அறிவிக்கிறேன். அதைக் கவனிக்காமலே நீங்கள் அம்பத்தூர் பட்டறைக்குக் கிளம்பிவிட்டதால் எழுத்தில் தருகிறேன்.

கல்லூரிப் படிப்புக்கும் கொஞ்சம் கேமுக்கும் தோதாக, நம் வசதிக்குள் அடங்கும் லேப்டாப்பை ஒரு மாதம் அலசித் தேர்ந்தெடுத்தவன் நான். நேற்று பாடியில் உள்ள கடையில், கடைக்காரப் பெண்ணுக்கே பிராசசர் பாடம் நடத்தினேன். நீங்களோ வார்ப்பிரும்பை எடை பார்ப்பதுபோல் அதே விலையில் இருந்த இன்னொன்றையும் கையில் தூக்கினீர்கள்.

“இன்னாடா உன்னுது அப்பளம் மாதிரி கீது? கனமா கீறதுதான் உழைக்கும்” என்று மற்றதை வாங்கிவிட்டீர்கள். அந்தப் பெண் சிரித்தாள். என் மானம் அங்கேயே போயிற்று. இன்று மாலைவரைதான் மாற்றித் தருவார்களாம். மாற்றியே ஆகவேண்டும்.

இதுவரை எழுதிவிட்டு, லேப்டாப்பைப் பெட்டியில் திரும்ப வைக்குமுன் அதில் ஒரு கேம் ஆடிப் பார்த்தேன். எங்கும் திக்கவில்லை. உள்ளே கேமுக்கென்றே தனி கிராபிக்ஸ் கார்டும் இரண்டு விசிறிகளும் இருப்பதால்தான் அந்தக் கனமாம். நான் கேட்டதில் அந்தக் கார்டே இல்லை என்று இப்போதுதான் படித்தேன்.

மாலையில் கடைக்குப் போக வேண்டாம். நான் ஒரு மாதம் அலசியது, அந்த அப்பளத்தின் கீபோர்டில் எரியும் ஏழு நிற விளக்கை மட்டும்தான்.

பேச்சுவார்த்தைக்குத் தயாராக,
உங்கள் மகன்