இரண்டு சத்தங்களுக்கு நடுவே

ஸ்ரீரங்கம்
9-8-1937

பிரியமுள்ள வரது அண்ணாவுக்கு வேதவதி அநேக நமஸ்காரம்.

இங்கே எல்லோரும் க்ஷேமம். மன்னியும் நீயும் சௌக்கியமா? பட்டணத்தில் டாக்டராக உட்கார்ந்த பிறகு தங்கைக்கு ஒரு கார்டு போடக்கூட உனக்கு நேரமில்லை போலிருக்கிறது.

எனக்கு இது ஐந்தாவது மாதம். ஆடிப்பெருக்கன்று காவேரியில் குளித்துவிட்டு அம்மா மண்டபத்துப் படியேறும்போது மூச்சு இறைத்து உட்கார்ந்துவிட்டேன். உன் மாப்பிள்ளை பயந்துபோய், ஜட்கா வைத்துப் புத்தூரில் ரோசரி என்கிற லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்த அம்மாள் என் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். "இருதயத்திலே இன்னொரு சத்தம் கேட்குதும்மா" என்றாள்.

அது என்ன அண்ணா? நீ சொன்னால் எனக்குத் தைரியம் வரும்.

உன் தங்கை
வேதா


சென்னை
13-8-1937

சௌபாக்கியவதி வேதாவுக்கு ஆசீர்வாதம்.

வீணாகக் கவலைப்படாதே. இருதயத்துக்குள் சின்னக் கதவுகள் மாதிரி வால்வுகள் உண்டு. அவை சாத்திக்கொள்கிற ஓசைதான் லப், டப். கர்ப்பமானால் உடம்பில் ரத்தம் பெருகி வேகமாக ஓடும். அப்போது லேசாக ஒரு முணுமுணுப்பு கேட்பது சகஜம். குழந்தை பிறந்ததும் போய்விடும். மாப்பிள்ளையிடமும் இதையே சொல். பாலும் பழமும் நிறையச் சாப்பிடு.

வரது


ஸ்ரீரங்கம்
30-8-1937

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். "உங்க அண்ணா எழுதினது வாஸ்தவம்தான். ஆனா இது அந்தச் சத்தமில்லை" என்றாள். நீ எழுதியது லப்புக்கும் டப்புக்கும் நடுவில் கேட்குமாம். என்னுடையது டப்புக்குப் பிறகு, இருதயம் இளைப்பாறுகிற நேரத்தில், தூரத்து வண்டி மாதிரி உருளுகிறதாம். ஒரு கதவு தழும்பேறிச் சரியாகத் திறக்கவில்லை. இடுக்கு வழியாக ரத்தம் நெருக்கிக்கொண்டு போகிற சத்தமாம் அது. சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததா, அதில்தான் இப்படித் தழும்பேறும் என்று கேட்டாள். பத்து வயதில் இரண்டு மாதம் படுத்திருந்தேனே. "இத்தனை வருஷமா யாருமே கவனிக்கலையா?" என்றாள்.

என் கல்யாணத்துக்கு முந்தின லீவில் நீ புதுக் குழாயோடு வந்து வீட்டில் எல்லோர் நெஞ்சையும் கேட்டாய். என் நெஞ்சில் மட்டும் மூன்று தரம் வைத்துக் கேட்டாய். பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாய்.

அன்றைக்கு உனக்கு என்ன கேட்டது?

வேதா


சென்னை
6-9-1937

அன்புள்ள வேதா,

அதே சத்தம்தான் கேட்டது. அப்பாவிடம் சொன்னேன். "வாயைத் திறக்காதே. தெரிஞ்சா இவளை எவன் பண்ணிப்பான்?" என்றார். போய்ச் சேர்ந்துவிட்ட அப்பாவின் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். எனக்கும் அப்போது பெண் நிச்சயமாகியிருந்தது. உன் கல்யாணம் முடியாமல் என் கல்யாணம் நடக்காது. பிள்ளை பெறுவது உனக்கு ஆபத்து என்று தெரிந்தே பேசாமல் இருந்தேன். போன கடிதத்திலும் பயந்து மறைத்தேன்.

அதிகம் நடமாடாதே. உப்பைக் குறை. பிரசவத்துக்கு நானே வருகிறேன். என்னை மன்னித்துவிடு.

வரது


ஸ்ரீரங்கம்
20-12-1937

ஸ்ரீமான் டாக்டர் வரதராஜன் அவர்களுக்கு,

செப்டம்பர் கடிதத்துக்குப் பிறகு நீங்கள் போட்ட நான்கு கடிதங்களும் வந்தன. பதில் எழுத எனக்குத் தெம்பில்லை.

எட்டாம் மாதம் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. படுக்க முடியாமல் மூன்று நாள் உட்கார்ந்தே இருந்தேன். பெண் குழந்தை. அழவில்லை. நான் பிழைத்தேன். இனிமேல் பிள்ளை கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் செப்டம்பர் மாதக் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்தார். மூன்றாம் நாள், "முன்னாடியே சொல்லியிருந்தாலும் உன்னைப் பண்ணிண்டிருப்பேன். குழந்தைதான் வேண்டாம்னு இருந்திருப்பேன்" என்றார். உங்களுக்கு இது தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் இங்கே வர வேண்டாம்.

போன வாரம் புத்தூர் டாக்டர் என் விவரங்களை நோட்டில் எழுதிக்கொண்டாள். இந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்ட டாக்டர் யார் என்று விசாரித்தாள்.

"நீங்கதான் டாக்டரம்மா" என்றேன்.

வேதவதி