பெலிக்ஸின் பச்சை வீடு

ஏப்ரல் 3, 2025, வியாழன்

பக்கத்து மனையில் தம்பி பெலிக்ஸின் வீடு முடியும் தறுவாயில் இருக்கிறது. வீடு என்று நான்தான் சொல்கிறேன். அவன் ‘கிரீன் ஹோம்’ என்கிறான். பெயருக்குக்கூடப் பச்சை பெயின்ட் கிடையாது. சுவருக்குப் பூச்சும் கிடையாது, கோழிப்பண்ணை மாதிரி இருக்கிறது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்த இடைவெளி வெயிலை உள்ளே விடாதாம். திருச்சியிலிருந்து வருகிற எஞ்சினியர் ரகுநாத் என்னிடம் வந்து, “சார், இந்த வீடு மூச்சு விடும்” என்கிறான். விடட்டும். தும்மாமல் இருந்தால் சரி.

மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் கம்பம் ஏறியவன் நான். கூடப்பிறந்த அண்ணன். ஒயரிங் பற்றி ஒரு வார்த்தை கேட்டானா? குவைத்தில் லாரி ஓட்டியவனுக்கு எல்லாம் தெரியும் போல.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

மாடியில் எட்டு சோலார் பலகை. கீழே பீரோ கனத்தில் ஒரு பேட்டரி. மாட்டிக் கொடுத்துவிட்டு ரகுநாத் கிளம்பிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் கூத்து. குவைத்தில் பெலிக்ஸ் விபத்தில் பிழைத்தபோது அவன் மனைவி ஷர்லி மாதா சிலைக்குக் கல்குகை மாதிரி ஒரு கெபி கட்டுவதாக நேர்ந்துகொண்டாளாம். தரையில் கட்டினால் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாதே! அதனால் மாடியில், மேற்கு ஓரமாக, பலகைகளை ஒட்டி, சிலுவையோடு சேர்த்துப் பன்னிரண்டு அடிக்குக் கட்டுகிறார்கள். எஞ்சினியரின் வரைபடத்தில் கெபியே இல்லை.

கொத்தனார் நல்லதம்பி சாரம் கட்டும்போதே பார்த்துவிட்டேன். மதியம் ஒரு மணிக்கு மேல் நிழல் நேரே பலகை மேல்தான் விழும். ஒன்றில் விழுந்தால் அந்த வரிசையே கரண்ட் தராமல் சோர்ந்துவிடும்.

நான் வாயைத் திறக்கவில்லை. என்னைக் கேட்டா கட்டுகிறார்கள்?

ஏப்ரல் 27, ஞாயிறு

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். கெபியையும் மந்திரித்தார். பிரியாணி நன்றாக இருந்தது. மற்றதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி. தளத்தின் மேல் வெள்ளை ஓடு. கழிப்பறைக்குள் போனால் விளக்கு தானாக எரிகிறது, அசையாமல் உட்கார்ந்தால் அணைந்துவிடுகிறது. இருட்டில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு வயதில் எனக்கு இது தேவையா?

என் மனைவி மேரி மட்டும் ஹால் நடுவில் நின்றுகொண்டு, “ஏங்க, இங்கிட்டு வேர்க்கவே இல்லீங்க” என்றாள். சுவர் இன்னும் ஈரம் காயவில்லை, அதுதான் என்றேன்.

மே 6, செவ்வாய்

கத்திரி தொடங்கி மூன்று நாள். மேரிக்கு பைபாஸ் ஆகி நாலு மாதம். வெக்கையில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீடோ தொண்ணூற்றெட்டில் போட்ட கான்கிரீட். பகலில் குடித்த வெயிலை விடிய விடிய இறக்குகிறது.

ஷர்லி வந்தாள். “மதியத்துல அக்கா எங்க வீட்டுல வந்து படுக்கட்டும் மாமா.” மேரி உடனே மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

மே 9, வெள்ளி

இன்றும் அங்கேதான். நான் போகவில்லை. போகவும் மாட்டேன்.

மே 14, புதன்

பேட்டரி நிறைய மாட்டேன் என்கிறதாம். ரகுநாத் போனிலேயே வைத்தியம் பார்த்துவிட்டான்: “பலகையில தூசி சார், நல்லாத் துடைங்க.” மூன்று மணி வெயிலில் பெலிக்ஸ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்தேய் என்று தேய்த்தான். தேய்த்தது எல்லாம் நிழலை. மடையன், தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டாமா?

எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

மே 17, சனி

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, ஃபேன் நின்றுவிட்டது. பெலிக்ஸ் கடைக்குப் போயிருந்தான், ஷர்லி கொல்லையில் இருந்தாள். மூச்சு முட்டி எழுந்த மேரி கதவுகிட்ட வந்து விழுந்திருக்கிறாள். ஷர்லி போட்ட சத்தத்தில்தான் நான் ஓடினேன்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. பிரஷர் இறங்கிவிட்டதாம். இருதயத்துக்கு ஒன்றும் இல்லை. நாளைக்கு அனுப்பிவிடுவார்கள்.

வாசலில் பெலிக்ஸ் அழுதான். “என் வீட்டுல வச்சு இப்புடி ஆயிப்போச்சேண்ணே. அண்ணிய இனிமே எப்புடிண்ணே அங்க படுக்கச் சொல்லுவேன்?”

அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: எனக்குத் தெரியும்டா. ஒரு மாசமாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே மேல நின்னு சிரிச்சேன். அவனுக்குத்தான் புத்தியில்லை என்று எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். நான் யாரு?

மே 18, ஞாயிறு

மேரி வீட்டுக்கு வந்துவிட்டாள். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். வெகுநேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி வீடு தோத்துப்போகணும்னு காத்துக்கிட்டு இருந்தீங்க. அதுக்குள்ளதான் நான் படுத்துருக்கேன்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையா?”

மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மே 19, திங்கள்

மதியம் ரெண்டு மணிக்குப் பெலிக்ஸை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகை மேல் விழுந்த நிழலைக் காட்டினேன். “இத எப்பண்ணே பாத்தீங்க?” என்றான். சாரம் கட்டும்போதே என்றேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. “கெபிய இடிச்சுரவா?” என்றான். மாதா என்னடா பண்ணுவாள், பலகையை நகர்த்து என்றேன். நல்லதம்பியைக் கூப்பிட்டு மூன்று பேருமாகச் சட்டத்தைக் கழற்றிக் கிழக்கு ஓரத்தில் மாட்டினோம். ரகுநாத் ஒரு போல்ட்டைக்கூட ஒழுங்காக முடுக்கவில்லை.

மே 25, ஞாயிறு

பேட்டரி நாலு நாளாக நிறைகிறது. நேற்று ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அங்கே ஃபேன் நிற்கவில்லை.

மேரி மதியத்தில் மறுபடியும் அங்கே போகிறாள். முன்பெல்லாம் வாசலில் நின்று, “போயிட்டு வாரேங்க” என்பாள். இப்போது சொல்வதில்லை. மாத்திரை நேரத்தைக்கூட ஷர்லியிடம்தான் சொல்லி வைத்திருக்கிறாள்.

இன்று சாப்பிட்டதும் நானும் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. வராதீங்க என்றும் சொல்லவில்லை. ஹாலில் அவளுக்கு நாலடி தள்ளிப் பாயை விரித்தேன். அவள் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள், சீக்கிரமே தூங்கிவிட்டாள்.

நல்ல குளிர்ச்சிதான். எனக்குத் தூக்கம் வரவில்லை.